லாக் வரியில் மறைந்த அரை மணித்தியாலம்

2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் தொடங்கிய கணம் உலகப் பொதுநேரப்படி 00:58:53 ஆகும். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்குள் அதன் அலை சாய்ந்தமருது உள்ளிட்ட கல்முனைக் கரையில் வந்து மோதியது. அந்தக் காலையில் உள்ளூர் நேரத்தில் ஓடிய ஓர் இலங்கைச் சர்வரின் லாக்கை, அதாவது கணினி தன்னில் நிகழ்வனவற்றை நிகழ்வுக்கு ஒரு வரியாகத் தானே எழுதிவைக்கும் பதிவுக் கோப்பை, இன்று ஸ்கிரிப்ட் கொண்டு வாசிக்கும் ஒருவர், இலங்கை நேரம் பொதுநேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது என்று எண்ணிக் கழித்தால், நிலநடுக்கக் கணத்துக்குரிய வரி 01:28:53 என்று வந்து நிற்கும். அரை மணித்தியாலம் பிந்திவிடும் இந்தப் பிழையின் மூலத்தைத் தேடினால், ஒரு தடம் வரியின் அமைப்புக்கும் மற்றொன்று இலங்கையின் கடிகாரத்துக்கும் செல்கிறது.

யூனிக்ஸ் கணினிகளில் இத்தகைய வரிகளைத் திரட்டும் சிஸ்லாக் என்ற ஏற்பாட்டை, 1980களில் எரிக் ஆல்மன் தமது சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கினார். மாதம், திகதி, நேரம், கணினியின் பெயர், செய்தி என்று அமைந்த அவ்வரியில் ஆண்டும் இல்லை, எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் இல்லை. தம் கணினியைத் தாமே பார்த்துக்கொண்டவர்களுக்கு இரண்டும் தேவைப்பட்டிரா என்பதால் அதைக் குறையென்று சொல்வதும் கடினமே. ஆண்டையும் பொதுநேரத்துடனான வேறுபாட்டையும் வரியிலேயே எழுதும் வடிவம் 2009இல் வெளியான ஆர்எஃப்சி 5424 என்ற தரநிலையில்தான் வந்தது.

1977இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் எழுதிய ஆக் என்ற மொழி, கோப்பை வரி வரியாக எடுத்து, இடைவெளிகளில் வெட்டி, துண்டுகளுக்கு எண்ணிட்டுக் கொடுக்கும். ஒற்றையிலக்கத் திகதிக்கு முன் சிஸ்லாக் இடும் இரட்டை இடைவெளியையும் அது ஒன்றாகவே கொள்வதால், ஒவ்வோர் இடைவெளியையும் எல்லையாக எண்ணும் கட் என்ற கட்டளையைப்போல மாதத்தின் முதல் ஒன்பது நாட்களில் தடுமாறுவதில்லை. ஆனால் மூன்றாம் துண்டிலுள்ள 06:58:53 எந்த நாட்டின் நேரம் என்பது அதற்கும் தெரியாது.

1996இல் வரட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றியபோது, மாலை வெளிச்சத்தை நீட்டி மின்சாரத்தைச் சேமிக்க எண்ணிய அரசு, மே 25இல் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபர் 26இல் அதில் பாதியைத் திருப்பியது. எஞ்சிய பாதி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டதால் ஒரே தீவில் இரு நேரங்கள் ஓடின. சூரியனைக் கொண்டு கணிக்கப்படும் லுஹரின் வக்து, அதாவது நண்பகல் தொழுகைக்குரிய நேரம், மட்டும் அசையவில்லை. பள்ளிவாசலின் சுவர்க்கடிகாரத்தில் அதற்குரிய எண்தான் மாறியது.

ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எகர்ட் தொடர்ந்து பராமரிக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில், ஏசியா/கொழும்பு என்ற பெயரின்கீழ் இம்மாற்றங்கள் யாவும் சில வரிகளில் அடங்கியுள்ளன. ஸ்கிரிப்டில் 5:30 என்று எழுதாமல் இப்பெயரைக் கொடுத்து, வரியில் இல்லாத ஆண்டையும் சேர்த்துவிட்டால், 2004இன் வரியில் ஆறு மணித்தியாலமும் 2007இன் வரியில் ஐந்தரையும் சரியாகக் கழியும்.

தரவுத்தளத்தாலும் தீராத ஓரிடம் உண்டு. 2006 ஏப்ரல் 15 அன்று 00:30 ஆனதும் கடிகாரம் மீண்டும் 00:00க்குத் திரும்பியதால், அந்த அரை மணித்தியாலம் இருமுறை வந்தது. 00:10 என்றுள்ள வரி எந்தச் சுற்றினது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. நேரப்படி அடுக்கும் ஸ்கிரிப்ட் இரு சுற்றுகளையும் கலந்துவிடும் என்பதால், கோப்பில் எழுதப்பட்ட வரிசையிலேயே வாசித்து, முந்தைய வரியின் நேரத்தை ஒரு மாறியில் வைத்து ஒப்பிட்டு, அதே திகதிக்குள் நேரம் பின்னோக்கிக் குதிக்கும் வரியிலிருந்து ஐந்தரையைக் கழிப்பதே வழி. அதற்கு ஆக்கில் இரண்டு வரிகள் போதும்.