வல்லநாட்டு மலையில் வெளிமான் தேடி...

தூத்துக்குடி நகரின் வடகோடியில் கடலை ஒட்டி இருக்கிறது திரேஸ்புரம். வள்ளங்களும் நாட்டுப்படகுகளும் வரிசையாக நிற்கும் மீனவர் பகுதி. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனால், சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கரையில் பெரும்பாலோர் கடலுக்குப் போவதில்லை. அப்படி ஒரு மார்கழி ஞாயிறில், காலைப் பூசை முடிந்ததும் ஆறு நண்பர்கள் கடலுக்கு எதிர்த்திசையில் கிளம்பினார்கள். போன இடம் வல்லநாடு வெளிமான் சரணாலயம்.

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் புதுக்கோட்டை, வாகைகுளம், தெய்வச்செயல்புரம் தாண்டினால் வல்லநாடு. சுமார் 35 கிலோமீட்டர்தான். தூத்துக்குடி மக்கள் குடிக்கும் தாமிரபரணித் தண்ணீர் இந்த ஊருக்குப் பக்கத்திலிருந்துதான் எடுத்துச் செல்லப்படுகிறது. ஊரின் ஒரு பக்கம் ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும். மறுபக்கம் முள்காடு மூடிய வறண்ட மலை. அந்த மலையும் அடிவாரமும் சேர்ந்த 16.41 சதுர கிலோமீட்டர் பரப்பு 1987-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடி இதுதான்.

முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி வாங்கியிருந்ததால், வனக்காவலர் ஒருவர் கூட வந்தார். பேச்சைக் குறைக்க வேண்டும், செல்போனில் பாட்டு கூடாது, பிளாஸ்டிக் பையை வண்டியிலேயே வைத்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் நடக்கத் தொடங்கினார். செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த பாதை. இருபுறமும் குடைவேல், சூரை, காரை என்று முள் இனங்கள். படகில் நின்று பழகிய கால்களுக்குச் சரளைக்கல் ஏற்றம் புதிது. பாதி வழியிலேயே இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

மாலை நாலரை மணிக்கு மேல், வெயில் சாய்ந்த பிறகுதான் மந்தை கண்ணில் பட்டது. சரிவுக்குக் கீழே புல்வெளியில் பதினைந்து உருப்படிகள் இருக்கும். கறுத்த முதுகும் வெள்ளை வயிறுமாக ஒரே ஒரு கிடா. திருகு போட்ட அதன் கொம்பு இரண்டு அடி இருக்கும். மற்றவை இளம் பழுப்பு நிறப் பெட்டைகளும் குட்டிகளும். புள்ளிமானுக்குக் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும். வெளிமானுக்கு அப்படியில்லை, ஆட்டுக்கொம்பு போல ஆயுள் முழுக்க நிற்கும். காற்று திசை மாறியதும் ஒரு பெட்டை தலையைத் தூக்கியது. அடுத்த நொடி மந்தை முழுவதும் துள்ளிப் பறந்து புதருக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

எல்லாம் போன பிறகுதான், புல்லுக்குள் ஒரு குட்டி அசையாமல் படுத்திருப்பதை ஒருவர் பார்த்தார். "விட்டுட்டுப் போயிட்டே, தூக்கிட்டுப் போய் ஆபீஸ்ல கொடுத்திருவோமா?" என்று குனிந்தவரை வனக்காவலர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறந்த சில நாட்களுக்குக் குட்டியைப் புல்லில் மறைத்து வைத்துவிட்டுத்தான் தாய் மேயப் போகும். பால் கொடுக்கத் திரும்பி வரும். மனிதக் கை பட்டுத் தூக்கப்பட்ட குட்டிதான் உண்மையில் அநாதையாகிறது. ஆறு பேரும் சத்தமில்லாமல் பின்வாங்கி வேறு வழியாக இறங்கினார்கள்.

அடிவாரத்தில் மானாவாரி உளுந்தும் பாசிப்பயறும் காய் பிடித்து நின்றன. வேலியோரத்தில் போர்வையும் டார்ச்சுமாக ராக்காவலுக்கு வந்திருந்தார் ஒரு பெரியவர்.

"மானைப் பார்த்தீங்களா தம்பி?"

"பார்த்தோம் அண்ணாச்சி. ரொம்ப அழகு."

"அழகுதான். நானும் சின்ன வயசுல இருந்து பார்க்கேன். இளஞ்செடியில மேஞ்சா மறுபடி தளிர்க்கும், பொறுத்துக்கலாம். பூவும் பிஞ்சுமா இருக்கையில இறங்குச்சுன்னா அந்த வருஷம் விதைக்காசுகூடத் தேறாது."

நண்பர்களில் மூத்தவருக்கு அது புதுக் கதையாகத் தெரியவில்லை. கடலாமை வலையில் மாட்டினால் வலையை அறுத்து ஆமையை விட்டுவிடுகிறார்கள். அறுந்த வலையைத் தைக்கும் கூலியும், அன்றைக்குப் போன மீனும் படகுக்காரர் கணக்கில்தான் விழும். கடலாமையும் வெளிமானும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கொன்றால் சிறைத்தண்டனை உண்டு. காப்பாற்ற வேண்டும் என்பதில் பெரியவருக்கும் படகுக்காரருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காப்பாற்றும் செலவு, மலையை ஒட்டி இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தலையில் மட்டும் விழுவதுதான் பிரச்னை. மானுக்காக ஊரே பெருமைப்படும்போது நஷ்டத்தை அவர் ஒருவரே சுமப்பது நியாயமில்லை.

சரணாலயத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் சிலவற்றைக் கவனத்தில் வைப்பது நல்லது. சேதம் நடந்தால் அடுத்த நாளே வயலையும் குளம்புத் தடத்தையும் படம் எடுத்து, சர்வே எண்ணோடு வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வேளாண்மை அலுவலகத்துக்கும் நகல் போகட்டும். அறுவடைக்குப் பிறகு கொடுக்கும் மனுவை யாராலும் சரிபார்க்க முடியாது. மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரும் அதில் சாகிறார். விட்டு விட்டு மின் அதிர்வு கொடுக்கும் சூரிய மின்வேலிதான் பாதுகாப்பானது. அதற்கு மானியம் இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டால் ஏக்கருக்கு ஆகும் செலவு குறையும்.

நாய்களை இரவில் கட்டிப்போடுங்கள். பெரிய வேட்டை விலங்குகள் இல்லாத இதுபோன்ற காடுகளில் வெளிமானுக்கு நாய்கள்தான் பெரிய எதிரி. துரத்தப்பட்ட மான் சாலைக்கு ஓடி வண்டியில் அடிபடும், அல்லது உங்கள் பயிருக்குள்ளேயே புகுந்து மிதிக்கும். வயலோரத்துச் சீமைக்கருவேலையும் வேரோடு எடுத்துவிடுங்கள். அதன் காயை மான் விரும்பித் தின்னும். சாணத்தோடு விழும் விதை, மான் மேய வேண்டிய புல்வெளியிலேயே முளைத்து மூடிவிடும். புல் குறைந்தால் மந்தை வயலுக்குத்தான் இறங்கும்.

வல்லநாடு போக விரும்புகிறவர்கள் வனத்துறை அனுமதி பெற்று, விடியற்காலையிலோ மாலை நாலு மணிக்கு மேலோ செல்லலாம். மழை முடிந்த மார்கழி, தை மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். இறங்கி வரும்போது அடிவாரத்தில் உளுந்து, பாசிப்பயறு விற்கும் விவசாயி இருந்தால், பேரம் பேசாமல் இரண்டு படி வாங்கி வாருங்கள்.