மடிப்பு மாற்றும் நாள்

தை பிறந்து பனி குறையத் தொடங்கியதும் ஒரு நாள் அப்பத்தா வீட்டில் டிரங்குப் பெட்டி தாழ்வாரத்துக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தைச் சுவரும் மரமும் குடித்து முடித்து, பழனிமலைச் சரிவிலிருந்து கெங்குவார்பட்டிக்கு வறண்ட காற்று இறங்குகிற நாள்களில் ஒன்று அது. கொடிக்கயிற்றின் மேல் பழைய வேட்டியைச் சுற்றி, அதன் மேல் ஒவ்வொரு பட்டாக விரிப்பாள். வெயில் படக் கூடாது, காற்று மட்டும்.

இந்தத் தையில் நானும் போயிருந்தேன். கையில் இரண்டு துணிகள். ஒன்று அம்மாவின் முகூர்த்தப் பட்டு. மற்றொன்று, ஒசாகாவில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் அங்கே பழைய துணிக் கடையில் வாங்கிவந்த பட்டுக் கிமோனோ. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்கு ஒரே கவலை. அப்பத்தாவிடம் காட்டச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அப்பத்தா கிமோனோவைத் தூக்கிப் பார்க்கவில்லை. தையலை விரலால் தடவினாள். "எங்கயும் வளைச்சு வெட்டலையே சாமி. எல்லாம் நேர் துண்டு." அறுபது வருடம் துணியைத் தொட்ட விரல் சொன்னது சரிதான். ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணியிலிருந்து எட்டு நேர்த் துண்டுகள்: உடலுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன்புறச் சேர்ப்புக்கு இரண்டு, கழுத்துப் பட்டைக்கு இரண்டு. அதனால்தான் தையல் வழியே மடித்தால் அது சேலையைப்போலத் தட்டையாகப் படுத்துவிடுகிறது.

உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை என்றேன். அப்பத்தா ஆச்சரியப்படவே இல்லை. "எழவு வீட்ல எல்லாமே மாத்தித்தானப்பா செய்வோம்."

உடுத்திக் களைந்ததும் கிமோனோவை உடனே மடிக்க மாட்டார்கள். ஒரு நீளக் கோலில் கை விரித்தாற்போல் மாட்டி, உடம்புச் சூடும் வேர்வையும் போகுமட்டும் நிழலில் விடுவார்கள். கல்யாண வீட்டிலிருந்து திரும்பினால் அப்பத்தா எங்களைத் திட்டுவது இதற்குத்தான். வேர்வையோடு பீரோவுக்குள் போன பட்டு ஒரே மழைக்காலத்தில் கறை பிடித்துவிடும். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. காற்றிலுள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். சென்ட்டைச் சேலை மேல் அடிக்கக் கூடாது, பாச்சை உருண்டையைப் பட்டின் மேல் நேராக வைக்கக் கூடாது, வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் துணிமுடிச்சில் கட்டிப் பெட்டி மூலையில் போட வேண்டும். நூல் சேலையாக இருந்தால் கஞ்சியை அலசிவிட்டுத்தான் வைக்க வேண்டும். கஞ்சிக்குத்தான் பூச்சி வரும்.

ஜப்பானிலும் இப்படித் துணியைக் காற்றாட விடுகிற வழக்கம் உண்டு. முஷிபோஷி என்பார்கள். முஷி என்றால் பூச்சி. கோடையில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை, ஜனவரி பிப்ரவரிக் குளிரில் ஒருமுறை. அந்தக் கடைசி முறை நம் தை மாசியேதான். நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டுத் துணிகள்கூட இருக்கின்றன. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அரச முத்திரையை அகற்றித்தான் அதைத் திறப்பார்கள். இதைச் சொன்னபோது அப்பத்தா, பக்கத்தில் தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியை நினைத்துக்கொண்டாள். அங்கே பூட்டிய கதவுக்குத்தான் பூசை.

"சாமி கதவைத் திறக்கக் கூடாது. சேலைப் பெட்டியப் பூட்டியே வைக்கக் கூடாது."

அம்மாவின் பட்டை நாங்கள் பூட்டியே வைத்திருந்தோம். அவர் போன பிறகு இருபத்திரண்டு வருடம் யாரும் தொடவில்லை. தொட்டால் அழுகை வரும் என்று நானும் தொடவில்லை. அன்று விரித்தபோது மடிப்பு வழியே நான்கு இடத்தில் பட்டு விட்டிருந்தது, கத்தியால் கீறியதுபோல. ஒரே மடிப்பில் ஒரே இழைகள் இத்தனை வருடம் வளைந்தே கிடந்திருக்கின்றன.

பாலிஷ் போட்டால் சரியாகுமா என்று பெரியகுளத்தில் சேலை ரோலிங் செய்யும் ஒரு தம்பதியிடம் எடுத்துப் போனேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை. உருளையின் ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் அக்கா. முந்தியில் தொடங்கிச் சேலையைச் சுற்றுகிறார்கள். இருவரும் பேசிக்கொள்வதில்லை, கரை இம்மி விலகினால் ஒருவர் கை நிற்கும், உடனே மற்றவர் கையும் நிற்கும். இழுப்பு கூடினால் பட்டு கிழியும், குறைந்தால் சுருக்கம் அப்படியே நின்றுவிடும். அந்த அளவை அவர்கள் எந்தக் கருவியிலும் பார்ப்பதில்லை. அக்காவின் கட்டைவிரல் ஓரம் காய்த்துப்போயிருந்தது. கல்யாண மாதங்களில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியேதான் வேலை, ஆடியில் வேலையே இருக்காது என்றார். ஒரு சேலைக்கு அவர்கள் வாங்குகிற கூலி, அதைக் கட்டுகிறவர் தலைக்கு வைக்கும் பூவை விடக் குறைவு. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அக்கா அம்மாவின் பட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "இது ரோலுக்குத் தாங்காதுண்ணே. ஏத்துனா ரெண்டாப் போயிரும். பணத்துக்காக நான் ஏத்த மாட்டேன்."

ஜப்பானில் அராய்ஹரி என்றொரு முறை இருப்பதை அவர்களிடம் சொன்னேன். கிமோனோவின் தையலை முழுக்கப் பிரித்து, துண்டுகளைச் சேர்த்து மறுபடி ஒரே நீளத் துணியாக்கி, அலசி, கடற்பாசிக் கஞ்சி போட்டு, இரு முனையிலும் ஊசி வைத்த மெல்லிய மூங்கில் குச்சிகளால் அகலவாக்கில் விறைப்பாக நிறுத்திக் காயவைப்பார்கள். பிறகு மறுபடி தைப்பார்கள். அண்ணன் சட்டென்று, "தறியில துணி சுருங்காம குத்தி வைப்பாங்களே, அந்தக் குச்சி மாதிரியா?" என்றார். அதேபோலத்தான். அவருடைய அப்பா சக்கம்பட்டியில் தறி நெய்தவராம்.

நம் துணிக்கும் அந்த நாட்டுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. எடோ காலத்தில் டச்சுக் கப்பல்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடு போட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் சந்தோமே என்றார்கள். மயிலாப்பூர்ச் சாந்தோமின் பெயர்தான் அது. பின்னாளில் அங்கேயே நெய்த கோட்டுத் துணிக்கும் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

கெங்குவார்பட்டிக்குத் திரும்பும்போது சாயங்காலம். தெருமுனையில் துணி தேய்க்கும் அண்ணன், பட்டின் மேல் பருத்தி வேட்டியை விரித்து, கொட்டாங்குச்சிக் கரி போட்ட பெட்டியை அழுத்தாமல் நகர்த்திக்கொண்டிருந்தார். பழைய சேலை வாங்குகிறவர்கள் ஜரிகைக்கு நல்ல விலை கொடுப்பார்கள் என்று அவர்தான் சொன்னார். அந்த ஜரிகையை எரித்து வெள்ளி எடுப்பார்கள். அப்பத்தாவிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. அம்மாவின் பட்டை மடியில் போட்டு, ஜரிகை உள்ளே போகும்படி, விட்டுப்போன கோடுகளுக்கு நடுவே புதிய இடத்தில் மடித்தாள். நான்காக இருந்தது மூன்றாயிற்று.

"இதுக்கு மடிப்ப மாத்த முடியாதேப்பா" என்றாள் கிமோனோவைப் பார்த்து. தையல் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் அது மடியும். சற்று நேரம் யோசித்துவிட்டு, தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்தாள். விரல் கனத்துக்குச் சுருட்டி, கிமோனோவின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒன்று வைத்தாள், பட்டு முறிந்து வளையாமல் உருண்டு வளையும்படி. மிச்ச வேட்டியில் அதைப் பொதிந்தாள்.

கொடியில் இன்னும் ஐந்து சேலை இருந்தது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"பனி எறங்குறதுக்குள்ள எடுத்துக் குடு. அந்த அரக்குக் கலர்லருந்து ஆரம்பி."