பேட்டரியின் விலை

ஒரு பொருளின் விலை யாது என்று வினவினால், கடைக்காரர் எழுதித் தரும் சீட்டைக் காட்டுவது உலக வழக்கம். அச்சீட்டில் ஏறாத விலையும் ஒன்று உண்டு. மோட்டார் காரின் பேட்டரியை மாற்றுவோர் அவ்விரண்டாம் விலையையும் அறிந்திருத்தல் நன்று.

பேட்டரி என்பது சிறு பெட்டி போன்றது. அதனுள் ஆறு மின்கலங்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட் அழுத்தம் தரும். ஆறும் சேர்ந்து 12 வோல்ட் ஆகும். கலந்தோறும் காரீயத் தகடுகள் நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்ந்திருக்கும். இவ்வகை மின்கலத்தை 1859 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே அமைத்தார். அந்நாளில் மோட்டார் கார் தோன்றவில்லை. பின்னர்த் தோன்றிய கார்களையும் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றியே இயக்கினர். கைப்பிடி திரும்பியடித்துக் கையெலும்பு முறிந்தோரும் உளர். சார்லஸ் கெட்டரிங் என்பார் அமைத்த மின்தொடக்கி 1912 ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம் பெற்றது. அதன் பின்னரே பேட்டரி காருக்கு இன்றியமையாத உறுப்பாயிற்று.

பேட்டரி மின்னை வழங்குங்கால், தகடுகளின்மேல் காரீய சல்பேட்டு படியும். மின்னேற்றுங்கால் அது நீங்கும். காரை நெடுநாள் ஓட்டாது நிறுத்திவைப்பின், அப்படிவு இறுகித் தகடுகள் வலிவிழக்கும். மிக்க வெப்பமும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். ஆதலின் எத்துணைப் பேணினும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றியே தீரவேண்டும்.

வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துவார் ஒருவருக்கு இது சிறு செலவன்று. புதிய பேட்டரிக்குச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். அது அவருடைய பல நாள் உழைப்பின் ஊதியம். பழைய பேட்டரியைக் கொடுத்தால், கடைக்காரர் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார். ஓடாத பொருளுக்கு விலை எவ்வாறு வந்தது? அதன் எடையில் பாதிக்கு மேற்பட்டது காரீயம். அதனை உருக்கித் தூய்மை செய்தால், மீண்டும் புதிய தகடுகள் ஆக்கலாம்.

அவ்வேளையில் பழைய சாமான் வாங்குவார் ஒருவர் வந்து, கடைக்காரர் கழிப்பதைக் காட்டிலும் நூறு ரூபாய் மிகுதியாகத் தருவதாகக் கூறக்கூடும். ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவிடுவார்க்கு அந்நூறு ரூபாய் பெரிதாகவே தோன்றும். ஆயினும் அது எங்கிருந்து வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முறையான உருக்காலை, புகையை வடிகட்டவும், அமிலத்தின் கேட்டை நீக்கவும், தொழிலாளரைக் காக்கவும் பொருள் செலவிடுகிறது. வீட்டுப் புறக்கடையில் உருக்குவோர்க்கு இச்செலவு ஒன்றும் இல்லை. அவர்கள் அமிலத்தை மண்ணில் கொட்டுவர். காரீயப் புகையைக் காற்றில் விடுவர். அவ்வாறு மிச்சப்பட்ட காசே மிகுதி விலையாக வருகிறது.

அக்காசை உண்மையில் கொடுத்தவர் யாவர்? ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகராகிய டக்காரை அடுத்து, தியாரோய் சுர் மெர் என்னும் பகுதி உள்ளது. அங்கே வறியோர் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்தனர். காரீயம் கலந்த மண்ணைச் சலித்து மூட்டைகளாகக் கட்டினர். 2007 ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி 2008 மார்ச்சு வரையில், அங்கே 18 குழந்தைகள் மாண்டனர். அவர்களுடைய உடன்பிறந்தாரையும் தாய்மாரையும் சோதித்தபோது, குருதியில் காரீயம் மிக்கிருக்கக் கண்டனர். காரீயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய நஞ்சு. மண்ணில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தை அந்நஞ்சை எங்ஙனம் அறியும்?

இக்கேட்டைத் தடுக்கவே இந்தியாவில் 2001 ஆம் ஆண்டில் பேட்டரிகளுக்கென விதிகள் செய்யப்பெற்றன. 2022 ஆம் ஆண்டில் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று, முறையாகப் பயன்படுத்தச் செய்வது உற்பத்தியாளரின் கடமை என்று அவை கூறுகின்றன. எனினும் பேட்டரி ஆலைக்குச் செல்வதும், புறக்கடைக்குச் செல்வதும் அதனைக் கையில் வைத்திருப்பவர் எடுக்கும் முடிவைப் பொறுத்தனவே.

சிக்கனம் சிறந்த பண்பு. பேட்டரியின் முனைகளைத் தூய்மையாக வைத்து, அதன் ஆயுளை நீட்டித்தல் சிக்கனம். பிறர் குழந்தையின் நலத்தை விலையாக்கி நூறு ரூபாய் பெறுதல் சிக்கனம் ஆகாது. பழையதை உரிய இடத்தில் ஒப்படைத்தவரே புதியதற்கு முழு விலை கொடுத்தவர் ஆவர்.