தேநீரும் நடனமும்

1913ஆம் ஆண்டில் லண்டன் விடுதியொன்றில் நிகழ்ந்த தேநீர் நடனத்தின் ஓவியத்தை, நூலகத்துப் பழைய இதழொன்றில் கண்டேன். சுவரோரம் சிறு மேசைகள், நடுவே பளபளக்கும் ஆடுதளம், ஒருபுறம் இசைக்குழு. பிற்பகலில் தேநீர் அருந்துவதும், இசை எழுந்ததும் இணையாக ஆடுவதும், மீண்டும் மேசைக்குத் திரும்புவதும் அக்கால நாகரிகம். செல்வர் இல்லத்து இரவு நடனங்களுக்கு அழைப்பு வேண்டும். இங்கோ கட்டணம் செலுத்தினாற் போதும்.

அங்கு விரும்பி ஆடப்பட்ட டாங்கோ, புவெனஸ் ஐரிஸ் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தது. பாரிஸ் நகரம் போற்றிய பின்னரே லண்டன் அதனை வரவேற்றது. ஜெர்மானியப் பேரரசரோ, சீருடையிலுள்ள படை அதிகாரிகள் அதனை ஆடலாகாது எனத் தடுத்தார்.

முதல் உலகப்போருக்குப் பின்னரும் இவ்வழக்கம் நீடித்தது. அம்மேசைகளுக்கு இந்தியத் தேயிலையோடு இலங்கைத் தேயிலையும் சென்றது. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்தவர் என் பாட்டி. கூடைக்கயிறு அழுத்திய தழும்பு அவருடைய உச்சந்தலையில் இறுதிவரை இருந்தது. நல்ல தேயிலை கப்பலேறிவிட, எஞ்சிய தூளில் பாலின்றிச் சாயம் காய்ச்சிக் குடித்தார். தாம் பறித்தது எங்கே செல்கிறது என்று அவர் கேட்டதுமில்லை, எவரும் சொன்னதுமில்லை.

ஆடலும் எளியோர் தந்தது. பானமும் எளியோர் தந்தது. அவை மண்டபத்துள் நுழைந்தன, தந்தவர்கள் நுழையவில்லை. ஓவியம் தீட்டியவரைக் குறை கூற இயலாது. அவர் கண்ட இடத்தில் பாட்டி இல்லை.

அன்று மாலை, தேநீரைக் கையில் எடுத்ததும் பாட்டியின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்.