அங்குலத்துக்குப் பத்து எழுத்து

டைப்ரைட்டரில் பழகிய விரல்களுக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் முரட்டு யந்திரம்தான். கோலார் தங்க வயல், ராபர்ட்சன்பேட்டையில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்த அந்தச் சுரங்கத் தொழிலாளியின் மகனிடம் அது சத்தம் போட்டதே தவிர, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி, 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் நின்றதும், மனுவும் பெயர்ப் பட்டியலுமாகக் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். பெயர், தந்தை பெயர், வேலையில் சேர்ந்த தேதி, வர வேண்டிய பாக்கி என்று ஆங்கிலத்தில் நீண்டது பட்டியல். அங்குலத்துக்கு 10 எழுத்து வீதம் 8 அங்குலத்தில் 80 எழுத்துக்குத்தான் இடம். மிச்சம் அடுத்த வரிக்குப் போனது. ஒருவர் பாக்கி இன்னொருவர் பெயருக்கு நேரே நின்றது.

பெயரை வெட்டிவிடலாம். ஆனால் ஒரே லைன் வீடுகளில் எத்தனை கோவிந்தசாமிகள்! தந்தை பெயர் போனால் யார் என்று தெரியாது.

வழி பிரிண்டருக்குள்ளேயே இருந்தது. எப்ஸன் வகுத்து, மற்ற பல கம்பெனிகளும் பின்பற்றிய குறியீடுகளில் 15-ஐ அனுப்பினால் எழுத்து நெருங்கும். அங்குலத்துக்குச் சுமார் 17 எழுத்து. 80-க்குப் பதில் 137. குறியீடு 18 வந்தால் பழைய அகலம் திரும்பும். நீளமான பெயர்களை மட்டும் சுருக்கிப் பார்த்தார், பத்திகள் கோணலாயின. ஒவ்வோர் எழுத்தும், காலி இடமும் ஒரே அகலத்தில் இருந்தால்தான் பத்தி நேராக நிற்கும். எனவே வரி முழுவதையும் சுருக்கினார்.

இதில் உயரம் குறைவதில்லை. தலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது ஊசிகள். அவை குத்தும் புள்ளிகள் பக்கவாட்டில் நெருங்குவதால் அகலம் மட்டுமே சுருங்குகிறது. வரி இடைவெளியையும் குறைத்து, அங்குலத்துக்கு 6 வரி என்பதை 8 ஆக்கியிருந்தால் காகிதம் மிச்சம். அதை அவர் செய்யவில்லை. படிக்கப் போவது வயதான கண்கள்.

ஊசி குத்துகிற வேகத்தில் கார்பன் பிரதிகளும் கூடவே விழுந்தன. முதியவர்கள் வரிசையில் விரல் வைத்துத் தேடினார்கள். தந்தை பெயர் முழுசாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்கள்.