த்ரீ நாட் த்ரீயின் தழும்புகள்

வாளையாறு தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு விழுந்த இந்த இடைவெளி வழியாகத்தான் மழையும் வணிகமும் படைகளும் வந்தன. ஹைதர் அலி 1766-ல் பாலக்காட்டில் கோட்டை எழுப்பியது இந்த வாசலைக் கையில் வைத்துக்கொள்ளத்தான். 1768, 1783, 1790 என மூன்று முறை கம்பெனிப் படை அதைப் பிடித்தது. இன்று அங்கே ஆஞ்சநேயர் கோயில், புல்வெளி, மாலை நடை போகும் பெரியவர்கள்.

கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி முட்டிக்குளங்கரை. கேரள ஆயுதப் போலீஸின் இரண்டாவது பட்டாலியன் இருக்கும் ஊர். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலைமுறை தலைமுறையாகக் காவலர் தோளில் தொங்கிய துப்பாக்கி ஒன்றுதான்: லீ என்ஃபீல்டு, போலீஸ் வழக்கில் ‘த்ரீ நாட் த்ரீ’. கிட்டத்தட்ட 4 கிலோ எடை, 10 தோட்டா. 1907-ல் ஏற்கப்பட்ட மாதிரியை மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை சுதந்திரத்துக்குப் பிறகும் செய்துகொண்டிருந்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் இதற்குப் பிரியாவிடை கொடுத்ததே 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான்.

ஓய்வுபெற்ற துப்பாக்கி அருங்காட்சியகத்துக்குப் போகும், இல்லையேல் உலைக்கு. எதைக் காப்பது என்று முடிவுசெய்ய முதலில் அது அசல்தானா என்று பார்த்தாக வேண்டும். இங்குதான் சிக்கல்.

மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் கேட்பது ஒன்றை: எல்லா உறுப்பிலும் ஒரே எண் இருக்கிறதா? குழல், போல்ட்டின் கைப்பிடி, முனை மூடி, பின்குறி என்று பல இடங்களில் வரிசை எண் பொறித்திருப்பார்கள். எண்கள் ஒத்துப்போனால் விலை ஏறும். இந்தியத் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு இந்தச் சோதனையில் தேறும் யோகம் கிடையாது. பழுதுபார்க்கப் போனபோது போல்ட் மாற்றப்பட்டிருக்கும். பழைய எண்ணை ராவிவிட்டுப் புது எண்ணைக் குத்தியிருப்பார்கள். எழுத்தின் அளவும் சாய்வும் வேறாக இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். முன்கட்டை பிளக்காமலிருக்கக் குறுக்கே ஒரு திருகு முடுக்கியிருந்தால் அது இஷாப்பூர் கைவேலை. மேலே தடித்த கறுப்புப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுவது நல்லது. மரத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியில் துரு தின்ற குழிகள் இருக்கலாம்.

பிடிக்கு மேலேயுள்ள உலோக வளையத்தில் வரலாறே இருக்கிறது. கிரீடமும் ‘ஜி.ஆர்.ஐ.’ எழுத்துகளும் இருந்தால் ஜார்ஜ் மன்னர் காலம். அசோகச் சிங்கம் இருந்தால் குடியரசு. ‘டி.பி.’ என்று குத்தியிருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும். சுட்டால் சுடுபவருக்கே ஆபத்து. சிலவற்றின் குழலில் சுருள் வரியே இராது; .410 அளவில் வழவழப்பாக இருக்கும். தோட்டாப் பெட்டியிலும் மரக்கட்டை அடைத்திருக்கும், ஒவ்வொரு ரவையாகத்தான் போட முடியும். போலீஸுக்கும் காவலர்களுக்கும் என்று வெள்ளை அரசு மாற்றிக் கொடுத்தது. 1857-ஐ அது மறக்கவேயில்லை. இதை ‘அசல் அல்ல’ என்று ஒதுக்குபவர் துப்பாக்கியைப் பார்க்கிறார், சரித்திரத்தைப் பார்ப்பதில்லை. பளபளவென்று மெருகேற்றி முத்திரைகளையே தேய்த்துவிடுவது அதைவிடப் பெரிய பாவம்.

நிலைமையைச் சொல்வது குழலின் உட்புறம். ஐந்து வரிப்பள்ளங்கள், இடப்புறச் சுழற்சி. தோட்டா இருக்கும் முனையில் வரி மழுங்கியிருந்தால் கார்டைட் மருந்தின் சூடு அரித்திருக்கிறது. வாய்ப்பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தால் குற்றவாளி எதிரியல்ல, துடைக்கும் கயிறு! ஆண்டுக்கணக்கில் கோணலாக இழுத்ததன் பலன். பழைய ரவைகளின் கேப்பு விட்டுச்செல்லும் உப்பு, ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். கொதிநீர் ஊற்றிக் கழுவுவது அந்தக் காலப் பட்டாளத்து வைத்தியம். தென்மேற்குப் பருவமழை நனைக்கும் ஊரில் இது உயிர்நாடி.

பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியே மறையூரும் மூணாறும் ஏறினால் கதை வேறு. இடுக்கி மலையின் தேயிலைத் துரைமார்களுக்கு வேட்டை ஒரு மதம். இன்று வரையாடுகள் மேயும் இரவிகுளம் அவர்களது வேட்டைக்காடாக இருந்ததுதான். தேசியப் பூங்கா ஆனது 1978-ல். ஆனால் தனியார் கையில் .303 இருக்க அரசு சம்மதிக்கவில்லை. ராணுவ ரவையைத் திருடிப் போட்டுவிடுவார்களே! அதனால் அதே லீ இயந்திர அமைப்பில் .315 அளவில் ஒன்று பிறந்தது. பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. செய்தது, பிற்பாடு இஷாப்பூரும் செய்தது. முகம் ராணுவம், வயிறு சிவிலியன். பழைய ராணுவ ரைஃபிள் என்று யாராவது பெருமையாகக் காட்டினால் குழலிலுள்ள அளவைப் படிப்பது நல்லது. .303 என்றிருந்தால் ரசிப்பதைவிட உரிமத்தைக் கேட்பதே புத்திசாலித்தனம். சுடவே முடியாத, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்களிக்கிறது.

இது சேகரிப்பாளர் கவலை மட்டுமல்ல. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் மரவள்ளியையும் வாழையையும் காட்டுப்பன்றி கிளறிப்போடுகிறது. 2022 மே மாதம், பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கேரள அரசு கொடுத்தது. சுட வேண்டியது உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர். அவர் கையில் இருப்பது பல சமயம் அப்பா காலத்து ஆயுதம். கட்டையில் விரிசல், தளர்ந்த விசை, உள்ளே குழி விழுந்த குழல் — இவற்றைப் பார்க்காமல் தோட்டா போடுவது பன்றியைவிடத் தமக்கே குறி வைப்பதாகும்.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2024-ல் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16-ல். வாக்கு எண்ணிக்கை ஜூன் 4-ல். கேரளத்தில் பருவமழை தொடங்கியதோ மே 30-ல். அலமாரி ஈரத்தில் அத்தனை நாள் கிடந்த துப்பாக்கியைத் திரும்ப வாங்குபவர், ரசீதில் கையெழுத்திடும் முன் போல்ட்டைக் கழற்றிக் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.