தனுஷ்கோடித் துறை

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இடிந்த மாதா கோயில் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கோ அந்தப் பழைய கப்பல் துறையின் நினைப்புதான் நெஞ்சை அடைக்கும்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயில் ரயில் இந்தத் துறை வரைக்கும் வந்தது. இறங்கியதும் கப்பல். கடல் தாண்டினால் தலைமன்னார், அங்கே கொழும்புக்கு இன்னொரு ரயில். மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களில் எத்தனை பேர் ஊர் மண்ணைக் கடைசியாக மிதித்தது இங்கேதானோ!

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல், வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலோடு ஊரையே வாரிக்கொண்டு போனது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது. 1980-களில் அதுவும் நின்றுவிட்டது.

அடுத்த முறை போனால், துறை இருந்த பக்கம் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.